வெள்ள நிவாரணம் முடிந்தது. இனி சங்கமா, ட்ரஸ்ட்டா? ஊருக்குத் தொண்டு நிறுவனம் எதற்கு?

பெண்ணையாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கடலூரை ஒட்டித் தென்பெண்ணை ஆற்றோரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. காற்றுக்கு நாங்கள் தப்பித்தோம். ஆனால் சாத்தனூர் அணையைத் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தபோது தெருவெல்லாம் ஆறாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சனங்களைத் தங்கவைத்து, அரிசி பருப்பு வசூலித்து, சமைத்துப் போட்டது முழுக்க ஊர்ப் பையன்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களும் பணம் அனுப்பினார்கள். கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

இப்போது பேச்சு என்னவென்றால், இதை ஒரு அமைப்பாகப் பதிவு செய்யலாமா என்று. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், "பதிவு செய்துவிட்டால் சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிகள் சமூக வேலைக்கு ஒதுக்குவது) வாங்கித் தருகிறேன்" என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சிலர், "அரசாங்கம் செய்யவேண்டியதை நீங்கள் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்" என்கிறார்கள். எங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு பேச்சு.

இரண்டு கேள்விகள். ஒன்று, சங்கமா ட்ரஸ்ட்டா? இன்னொன்று கொஞ்சம் பெரியது. தொண்டு நிறுவனங்களால் ஊர் உண்மையிலேயே முன்னேறுகிறதா? சனங்களுக்குக் கேள்வி கேட்கும் தெம்பு வருகிறதா, இல்லை கைநீட்டி நிற்கும் பழக்கம்தான் வருகிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

தம்பி, உங்கள் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன், அதனால் இது எனக்குக் கொஞ்சம் வலிக்கிற விஷயம்.

எங்கள் புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்கப்புறம் இன்றுவரை தேர்தல் கிடையாது. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து (பல கிராமங்கள் சேர்ந்தது), 98 கிராமப் பஞ்சாயத்து, ஒன்றில்கூடச் சனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆள் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதிகாரியிடம் போகவேண்டும், இல்லையென்றால் எம்எல்ஏ வீட்டு வாசலில் நிற்கவேண்டும்.

இந்த இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் வந்து உட்காருகின்றன. வாய்க்கால் தூர்வாருவது, கழிப்பறை கட்டுவது, மாலைநேர வகுப்பு நடத்துவது என்று எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் வார்டு உறுப்பினர் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். தொண்டு நிறுவனத்து ஆளை யார் மாற்றுவது? அவர் பதில் சொல்வது பணம் கொடுத்தவருக்கு. எங்கள் ஊரில் கழிப்பறை யார் வீட்டுக்கு என்பதை ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். கேட்கப் போனவர்களுக்கு, "எங்கள் பிராஜெக்ட் விதி அப்படி" என்று ஒரே வரியில் பதில். பஞ்சாயத்து இருந்திருந்தால் இப்படிச் சொல்லிவிட்டுப் போகமுடியுமா?

முதலில் தேர்தல் நடத்தச் சொல்லிப் போராடவேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

கணக்குப்பிள்ளை:

தேர்தல் விஷயத்தில் கடலூர்க்காரர்களும் நிம்மதியாக இருக்கமுடியாது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. 27 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதற்கப்புறம் பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போயிற்று.

பதிவு விஷயம் பற்றி ராத்திரி விவரமாக எழுதுகிறேன். சிஎஸ்ஆர் பணத்தை நம்பி மட்டும் எதையும் ஆரம்பிக்காதீர்கள். காரணத்தை அப்போது சொல்கிறேன்.

கரைவலை:

நான் சுனாமிக்கப்புறம் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தவள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

2004 டிசம்பர் 26க்கு அப்புறம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அடுத்து அதிகச் சாவு எங்கள் மாவட்டத்தில்தான். அந்த வாரமே லாரி லாரியாகச் சாமான் வந்தது. பழைய துணி மலையாகக் குவிந்து, யாரும் எடுக்காமல் ரோட்டோரம் மழையில் நனைந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான நிறுவனங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் (ஓட்டுப்போட்டு வந்தவர்கள் இல்லை, மீனவ ஊரின் பெரியவர்கள்) மூலமாகத்தான் கொடுத்தன. மீனவ ஊர்களில் தலைக்கட்டு வரி என்று ஒரு முறை உண்டு. வரி கட்டுகிற ஆம்பளைத் தலை இருக்கும் வீட்டுக்கு ஒரு பங்கு. பிடித்த மீனிலும் சரி, வந்த நிவாரணத்திலும் சரி, அந்தப் பட்டியல்தான். சண்டை வராமல் பங்கு பிரிப்பதற்கு அதைப்போல வேறு ஏற்பாடு கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புருஷன் போய்விட்ட வீட்டுக்கு என்ன பங்கு? சில ஊரில் அரை வரி. சில ஊரில் அதுவும் இல்லை. மீன் கூடை தூக்கி விற்கிற பொம்பளை ஆம்பளைத் துணையில்லாமல் இருந்தால் அவள் பெயர் பட்டியலிலேயே வராது. ஊருக்கு மேற்கே இருக்கும் தலித் குடியிருப்பு, கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் வீடு, இவர்களெல்லாம் பட்டியலுக்கே வெளியே. அவர்கள் கடலுக்குப் போகவில்லையாம், அதனால் நஷ்டமில்லையாம். மீன் வந்தால்தானே அவர்களுக்கு ஐஸ் உடைக்கிற வேலை, கூடை பின்னுகிற வேலை!

நாங்கள் நாலைந்து களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இன்னொரு பட்டியல் எடுத்தோம். யார் யார் வீட்டில் ஆம்பளை இல்லை, யாருக்கு ரேஷன் கார்டே இல்லை, யார் கூலிக்கு வலை இழுக்கிறவர்கள் என்று. அதைக் கொண்டுபோய் மாவட்ட நிர்வாகத்தில் கொடுத்தோம். பஞ்சாயத்தாரிடமும் உட்கார்ந்து பேசினோம். கத்தினார்கள். ஒரு ஊரில் எங்களை உள்ளேயே விடவில்லை. ஆனால் இன்னொரு ஊரில், அதுவரை பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வந்தே பழக்கமில்லாத கைம்பெண்கள் கோயில் திண்ணைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த லாரி வந்தபோது அவர்களுக்கும் முழுப் பங்கு.

இதைச் செய்ததும் தொண்டு நிறுவனம்தான். ஃபைபர் படகை இஷ்டத்துக்குக் கொடுத்ததும் தொண்டு நிறுவனங்கள்தான். படகு கொடுத்தால் அதில் தன் பெயரை எழுதிப் படம் எடுக்கலாம் என்று போட்டி போட்டார்கள். கட்டுமரத்தில் கூலியாகப் போனவர்கள்கூடப் படகுக்காரர் ஆனார்கள், அது நல்லதுதான். ஆனால் கரையில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு கூடிப்போயிற்று. கூட வேலைக்கு வர ஆள் இல்லை. மட்டமாகச் செய்த படகுகள் சீக்கிரமே விரிசல்விட்டுக் கரையிலேயே கிடந்தன. இந்தக் கடலில் எத்தனை படகு தாங்கும் என்று எந்த மீனவரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதனால் என் பதில் இதுதான் தம்பி. பட்டியலை யார் எழுதுகிறார்கள், அதை எங்கே ஒட்டுகிறார்கள் என்று பாருங்கள். அதிலேயே அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மஞ்சக்குப்பம்:

கரைவலை அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நான் வேறு இடத்திலிருந்து பார்க்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் பகுதியில் கூலி உயர்வுக்கும் பட்டாவுக்கும் சங்கம் வைத்துப் போராடிய துடிப்பான பையன்கள் இருந்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர். மாதச் சம்பளம், பைக், அறிக்கை எழுதும் வேலை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வயிற்றுப்பாடு இருக்கிறது. ஆனால் தாலுகா ஆபீஸ் வாசலில் 500 பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்தவர், அதே பட்டா பிரச்சினைக்கு ஓட்டலில் பயிலரங்கு நடத்தும் ஆளாகிவிட்டார். மூன்று வருஷத் திட்டம் முடிந்தால் பட்டா வந்ததோ இல்லையோ அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம், அரசு ஒவ்வொரு பொறுப்பாகக் கைகழுவுவதற்கும் இது வசதியாக இருக்கிறது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும், மாலை வகுப்புக்குத் தொண்டு நிறுவனம் வரும். சனங்களுக்கு உரிமையாக வரவேண்டியது தானமாக வருகிறது. தானத்தைக் குறைத்தால் யாரைக் கேட்பது?

அறிவொளி வாத்தியார்:

தோழர் சொல்வது நூற்றுக்கு நூறு நடந்ததுதான். ஆனால் தொண்டு நிறுவனம் என்று ஒரே மூட்டையில் கட்டினால் விவாதம் நகராது. வில்லியனூர் பக்கம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1990ஐ ஒட்டிப் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தபோது மாலையில் வகுப்பெடுத்தவன். பணம் அரசாங்கத்துடையது. ஆள் புதுவை அறிவியல் இயக்கமும் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்ப் பெண்களும். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கையெழுத்துப் போடத்தான் கற்றுக்கொடுக்கப் போனோம். ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருக்கும் இருப்பை வாசிக்கத் தெரிந்ததும், "சர்க்கரை இருக்குன்னு எழுதியிருக்கே, ஏன் இல்லைங்கறீங்க" என்று அவர்களாகவே கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கச் சொல்லி நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாம் இன்று ஜனநாயகத்தில் சாதாரணமாக நினைக்கிற பல விஷயங்களை வாங்கித் தந்தவை இப்படிப்பட்ட கட்சி சாராத அமைப்புகள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994இல் கிராமங்களில் பொது விசாரணை நடத்தியது. கூலிப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயருக்கெல்லாம் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. அந்த வழியில்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. (தமிழ்நாட்டில் 1997லேயே ஒரு சட்டம் இருந்தது. மாநிலங்களில் முதலாவது அது, ஆனால் விதிவிலக்குகள் ஏராளம்.) தோழர் கவனிக்கவேண்டியது, அந்தச் சங்கதன் நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை. தனி மனிதர்கள் தரும் சிறு நன்கொடைதான்.

வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் எல்லாம் இன்று வீட்டிலிருந்தே பார்க்கிறோம். 1999இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கில் 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பினால் வந்தது அது. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து சட்டம் கொண்டுவந்து அதைத் தடுக்கப் பார்த்தன. 2003இல் நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவை ரத்து செய்தது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் பணம் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த வழக்கிலும் அதே சங்கம் மனுதாரர். உணவு உரிமை வழக்கை 2001இல் போட்டது மக்கள் சிவில் உரிமைக் கழகம். நம் ஊரில் 1982லேயே சத்துணவு இருந்தது, சரி. நாடு முழுக்கப் பள்ளியில் சமைத்த உணவு போடவேண்டும் என்ற உத்தரவு அந்த வழக்கில்தான் வந்தது.

இவர்களெல்லாம் அரசாங்கத்தின் வேலையைத் தாங்கள் செய்யவில்லை. அதைச் செய்யவைத்தார்கள்.

ஈச்சங்காடு:

இத்தனை பேர் கடலூரைப் பற்றி எழுதியும் சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அந்த வேலை நான் செய்கிறேன்.

எங்கள் பக்கம் எண்பதுகளில் ரசாயனத் தொழிற்பேட்டை வந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, செம்மங்குப்பம் எல்லாம் அதை ஒட்டிய ஊர்கள். ராத்திரியில் வாடை வரும். தலைவலி, வாந்தி, குழந்தைகளுக்கு இழுப்பு. புகார் கொடுத்தால் அதிகாரி மறுநாள் மதியம் வருவார். அப்போது காற்று மாறியிருக்கும். "ஒன்றும் வாடை இல்லையே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். வருஷக்கணக்காக இதுதான் நடந்தது.

2004 வாக்கில், சென்னையிலிருந்து வந்த சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் துணையோடு ஊர்ப் பிள்ளைகளே சேர்ந்து சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழு ஆனார்கள். அவர்கள் கையில் எடுத்த கருவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட். நான் கிட்டேயிருந்து பார்த்ததால் சொல்கிறேன். மூடி போட்ட பக்கெட்டுக்குள் ஒரு தனி வகைப் பை, அதன் வாய் மூடி வழியாக வெளியே நீட்டியிருக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு பக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும். உள்ளே வெற்றிடமானதும் வெளிக்காற்று தானாகவே பைக்குள் போய் நிரம்பும். பம்பு வழியாகப் போகாததால் மாதிரி கெடாது. வாடை வந்த அந்த நிமிஷத்திலேயே, ராத்திரி இரண்டு மணியானாலும் எடுத்துவிடலாம். பையை மூடி, தேதி, நேரம், காற்றடித்த திசை, எந்தத் தொழிற்சாலைப் பக்கம் என்று எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் 1995இல் பயன்படுத்த ஆரம்பித்த முறை அது.

கூடவே வாடை நாட்குறிப்பு. அழுகிய முட்டை, நகப்பாலிஷ், ஆஸ்பத்திரி வாடை, செத்த பிணம் என்று சனங்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதினார்கள். பள்ளிக்கூடம் தாண்டாத அக்காமார்கள்கூட, "வடகாற்றடித்தால் இந்த வாடை, அது இந்தக் கம்பெனி" என்று அடித்துச் சொல்வார்கள்.

முடிவு வந்தபோது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனங்கள் காற்றில் இருப்பது காகிதத்தில் வந்தது. அதற்கு முன்னால் அது வெறும் ஊர்ப்பேச்சு. அதே 2004இல் உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுகள் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்தது. இப்படிப்பட்ட வாயுக்களுக்கு எவ்வளவு வரை இருக்கலாம் என்று நாட்டில் அளவே வகுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. பென்சீனுக்கு அளவு வந்தது 2009இல்.

தொழிற்சாலை எல்லாம் மூடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இன்றும் வாடை வருகிறது. ஆனால் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று எங்களை இனி யாரும் திருப்பி அனுப்பமுடியாது. வெளியிலிருந்து வந்தவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை. அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

வீராம்பட்டினம்:

எங்கள் பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டின் கதையையும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. கடலோர ஊர்களில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவலைத் தினமும் இறக்கி ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கூவி ஊரையே மேட்டுக்கு விரட்டினார்கள். வீடும் படகும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது.

அலை உயரம் சொல்ல வாங்கிய ஒலிபெருக்கி அது. ஊர்க்காரர்களுக்கே அதை இயக்கத் தெரிந்திருந்ததால்தான் அன்று உதவியது. சாவி வெளியூர் ஆபீசில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முந்திரிக்காடு:

பண்ருட்டி பக்கம் மகளிர் குழுவில் இருபது வருஷமாக இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன், அடுப்பில் வேலை கிடக்கிறது.

எங்களுக்குத் தீர்மான நோட்டு எழுத, பேங்க்கில் பேச, கணக்கு வைக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு சின்ன தொண்டு நிறுவனத்து அக்கா. அப்புறம் அரசாங்கமே குழுக்களை எடுத்துக்கொண்டது, அந்த நிறுவனம் காணாமல் போய்விட்டது. ஆனால் எழுதக் கற்றது போகவில்லை. பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பாதி இடம் என்று வந்தபோது எங்கள் வட்டாரத்தில் நின்றவர்களில் குழுத் தலைவிகள் நிறைய. தானே புயலில் (2011 டிசம்பர் 30, மறக்கவே முடியாது) முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும் நிவாரணம் வேண்டும் என்று மனு எழுதிக் கொண்டுபோனது நாங்கள்தான். மரம் யாருடையதோ அவருக்குத்தான் பணம் என்றார்கள். முழுசாக ஜெயிக்கவில்லை. ஆனால் கலெக்டர் ஆபீசுக்குள் பயமில்லாமல் போய்வந்தோம்.

இப்போது வாராவாரம் வசூலுக்கு வாசலில் வந்து நிற்கிற சிறுகடன் கம்பெனிகளும் "குழு" என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

சொன்னபடி எழுதுகிறேன். நான் சின்னச் சின்ன அமைப்புகளுக்குக் கணக்குத் தணிக்கை பார்க்கிறவன்.

முதலில் சிஎஸ்ஆர். கம்பெனிச் சட்டம் 2013, 135ஆவது பிரிவின்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கவேண்டும். ஆனால் அதை வாங்கும் வெளி அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் இருக்கவேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவமும் போட்டிருக்கவேண்டும். இன்று பதிவு செய்து நாளைக்குக் கம்பெனிப் பணம் வாங்கமுடியாது. உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் இன்னும் கடினம். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் திருத்தம் வந்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் கணக்கு ஆரம்பிக்கமுடியும். முக்கியமாக, பெரிய நிறுவனம் வாங்கி ஊரில் இருக்கும் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அடைபட்டுவிட்டது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தங்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. என்னிடம் வந்துகொண்டிருந்த இரண்டு சின்ன அமைப்புகள் இதனால் ஆளை நிறுத்தவேண்டியதாயிற்று. திருட்டுக் கணக்கைப் பிடிக்க வழி வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த விதி அடித்தது ஊரில் வேலை செய்கிறவர்களை. உங்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பியதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர்கள் நம் பக்கம் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன், பிரித்துப் பாருங்கள்.

அடுத்து சங்கமா ட்ரஸ்ட்டா. ட்ரஸ்ட் என்றால் ஒரு பத்திரம் எழுதி சார்பதிவாளரிடம் பதிவு செய்தால் போதும், சுலபம். ஆனால் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் அறங்காவலர்கள். வேறுவிதமாக எழுதாவிட்டால் ஆயுசுக்கும் அவர்களே. ஊருக்கு அவர்களை மாற்றும் அதிகாரம் கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கம் என்றால் குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. வருஷா வருஷம் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழுவுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் பதவிக்காலம் இல்லை. தலைவலிதான். தேர்தலில் கோஷ்டி வரும், சில சங்கங்கள் அதிலேயே உடைந்தும் போயிருக்கின்றன. இருந்தாலும் ஊர்ப் பணத்தைக் கையாளுகிறவர்கள் ஊருக்கு முன்னால் தேர்தலுக்கு நிற்கட்டும் என்பதுதான் என் கட்சி.

பாகூர் ஏரிக்கரை:

கணக்குப்பிள்ளை சார் சொன்ன கடைசி வரிக்காக நன்றி. நான் கேட்டதும் அதுதான். ஈச்சங்காடு நண்பர் சொன்ன பக்கெட்டைப் படித்தபோது, எங்கள் ஊருக்கு வந்த நிறுவனம் ஏன் எரிச்சலூட்டியது என்பது தெளிவாயிற்று. அவர்கள் வைத்திருந்த ஒரு காகிதத்தைக்கூட எங்கள் கையில் கொடுக்கவில்லை.

ஆனாலும் உள்ளாட்சித் தேர்தல் பற்றிச் சொன்னதில் நான் நிற்கிறேன். நல்ல சங்கம் பஞ்சாயத்துக்கு மாற்று ஆகாது.

மஞ்சக்குப்பம்:

வாத்தியார் ஐயா சொன்ன வித்தியாசத்தை ஏற்கிறேன். என் கவலை இன்னும் தீரவில்லை. சிப்காட் பிள்ளைகளின் குழு நிலைத்தது என்றால் அவர்களுக்குப் பிரச்சினை வாசலிலேயே இருந்தது. வெள்ளம் வடிந்த ஊரில் அடுத்த வெள்ளம் வரும்வரை சங்கத்துக்கு என்ன வேலை? சும்மா இருக்கும் சங்கம் பணம் தேடிப் போகும். பணம் எதற்குக் கிடைக்கிறதோ அந்த வேலையைச் செய்யும். இப்படித்தான் ஆரம்பிக்கும். தம்பி இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

பெண்ணையாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இந்த இழையை அப்படியே வாசித்தோம். கரைவலை அக்கா எழுதியதை வாசித்தபோது பின்னால் நின்றிருந்த பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

முடிவு: சங்கம்தான். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், ஆற்றங்கரைக் காலனியிலிருந்து கட்டாயம் இரண்டு பேர். மிச்சப் பணத்தின் கணக்கை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டோம். வெளிப்பணம் இப்போதைக்கு வேண்டாம், வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் சந்தா.

மஞ்சக்குப்பம் அண்ணா, வேலைக்குப் பஞ்சமில்லை. ஃபெஞ்சலுக்கு அரசு ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாய் கொடுத்தது. (பக்கத்துப் புதுச்சேரியில் 5000 என்பது எங்கள் ஊரில் பெரிய பேச்சு.) எங்கள் ஊரில் தண்ணீர் புகுந்த வீடுகளில் சிலருக்கு வரவில்லை. முதல் வேலை அந்தப் பட்டியலை வாங்குவது. இரண்டாவது, அணை திறக்கும் எச்சரிக்கை எங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு, யார் மூலமாக வந்தது என்று எழுத்தில் வாங்குவது. ஒரு ஒலிபெருக்கியும் வாங்கலாம் என்று இருக்கிறோம். இந்த இரண்டு தகவலையும் சங்கத்தின் பெயரில் கேட்கலாமா?

மஞ்சக்குப்பம்:

சங்கத்தின் பெயரில் வேண்டாம் தம்பி. தகவல் அறியும் உரிமை குடிமகனுக்கு என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் போனால் அதையே காரணம் காட்டித் திருப்பிவிடுவார்கள். யாராவது ஒருவர் தன் பெயரில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பட்டும். பட்டியலைத் தாசில்தார் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும், அணை விவரத்தை நீர்வளத்துறைக்கும் தனித்தனி மனுவாகப் போடுங்கள். "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "பயனாளிகள் பட்டியலின் நகல்", "எச்சரிக்கைப் பதிவேட்டின் நகல், தேதி நேரத்துடன்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வெள்ளைத்தாள் மட்டும் வாங்கி வையுங்கள். மனுவை நான் எழுதித் தரமாட்டேன், உங்கள் பெண்களே எழுதட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.